ஜிம்மை அந்தப் பையன்கள் விடுவிக்கவில்லை

பெரிய நாவல்களைச் சுருக்கி, படம் போட்டு, பிள்ளைகளுக்காக வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அந்தச் சுருக்கும் வேலையைச் செய்து தருகிறவர்களுக்கும்,

வணக்கம். மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ நாவலை நீங்கள் நடத்தும் விதம் பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. காப்புரிமை எப்போதோ தீர்ந்துபோன புத்தகம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் நூறு பக்கத்தில் ஒன்று, அறுபது பக்கத்தில் ஒன்று, படக்கதையாக ஒன்று என்று விதவிதமாகப் போடுகிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் நான் புரட்டிப் பார்த்த சுருக்கப் பதிப்புகள் பலவற்றின் பின்னட்டையில் ஏறக்குறைய ஒரே சேதிதான் இருக்கிறது: ஹக், டாம் என்ற துணிச்சலான இரண்டு பையன்கள் ஜிம் என்ற ஓர் அடிமையைத் தப்பிக்க வைக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு படம். இந்த நாவலைப் பற்றி இதைவிடப் பெரிய பொய் சொல்வது கஷ்டம்.

முதலில் ஜிம் எப்படி ஓடினான் என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கத்திரி முதலில் விழுவது அங்கேதான். மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். ஜிம் அங்கே மிஸ் வாட்சன் என்ற பக்தி மிகுந்த அம்மாளின் சொத்து. நியூ ஆர்லியன்ஸ் பக்கம் தன்னை விற்றால் 800 டாலர் கிடைக்கும், அவ்வளவு பணத்தை விட மனசு வரவில்லை என்று அந்த அம்மாள் பேசியதை ஒட்டுக்கேட்கிறான். மிச்சப் பேச்சைக் கேட்க அவன் அங்கே நிற்கவில்லை, அன்றைக்கே கிளம்பிவிடுகிறான். அந்தக் கிளம்பலில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள். நடந்து போனால் நாய்கள் மோப்பம் பிடிக்கும். படகைத் திருடி அக்கரை போனால் படகைக் காணோம் என்று தேடுவார்கள், எந்த இடத்தில் கரையேறினான் என்பதும் தெரிந்துவிடும். அதனால் தெப்பம்தான் சரி, தெப்பம் தடம் விடாது. இதெல்லாம் அவனே யோசித்து, இருட்டில் நீந்திப் போய், ஆற்றில் மிதந்து வந்த ஒரு பெரிய மரத்தெப்பத்தில் தொற்றிக்கொள்கிறான். விடிவதற்குள் 25 மைல் கீழே போய், நீந்திக் கரையேறி, இல்லினாய் காட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்பது கணக்கு. தெப்பத்தில் ஒருவன் லாந்தரோடு நடந்து வந்ததால் மறுபடி தண்ணீரில் இறங்கி ஜாக்சன் தீவுக்கு நீந்துகிறான். ஹக் அவனைச் சந்திப்பது அதற்கப்புறம்தான்.

அதாவது தப்பித்தல் என்று ஒன்று நடந்திருந்தால் அதைத் தொடங்கியது ஜிம். உங்கள் பதிப்புகளில் அவன் தீவில் திடீரென்று முளைக்கிறான், ஹக்குக்கு ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி. 800 டாலர் இல்லை, நாய்கள் இல்லை, லாந்தர் இல்லை. இரண்டு பத்தி மிச்சம் பிடித்திருப்பீர்கள், அதற்காக ஒரு மனிதனின் மூளையையே எடுத்துவிட்டீர்கள்.

தெப்பத்தில் போகும் நாட்களைப் பொதுவாக நன்றாகத்தான் சுருக்குகிறீர்கள், அதில் எனக்குப் பெரிய புகார் கிடையாது. ஒஹையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ ஊரில் தெப்பத்தை விற்றுவிட்டு, நீராவிக் கப்பலில் ஒஹையோ வழியாக மேலே ஏறி, அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குப் போவது திட்டம். மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிட்டு, மேலும் மேலும் தெற்கே, அடிமை முறை இறுகிக்கொண்டே போகும் பக்கமாக ஆறு அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. ஜிம் தன் எண்ணத்தை ஹக்கிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு: சுதந்திரமான மாநிலம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சல்லிக்காசு செலவழிக்காமல் சேர்த்து, பக்கத்துப் பண்ணைக்காரனிடம் இருக்கும் தன் மனைவியை விலைக்கு வாங்குவேன், பிறகு இரண்டு பேருமாகச் சம்பாதித்து இரண்டு பிள்ளைகளையும் வாங்குவோம், விற்க மாட்டேன் என்றால் ஆளை வைத்துத் திருடிவிடுவோம் என்கிறான். தன் பிள்ளைகளையே திருடுவதைப் பற்றிப் பேசுகிறானே என்று ஹக்குக்கு அதிர்ச்சி! பிள்ளைகள் வேறு யாரோ ஒருவருடைய சொத்து, அந்த ஆள் தனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்று யோசிக்கிறான். இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன கோளாறு என்று சொல்லித்தர வேண்டியதில்லை, படித்ததும் தெரியும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஃபெல்ப்ஸ் பண்ணை.

தெப்பத்தில் ஏறிக்கொண்ட இரண்டு மோசடிக்காரர்களில் ஒருவன் ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிடுகிறான். ஹக் அவனைத் தேடிப் போகிறான். மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிடலாமா என்று நினைத்து, எழுதியும்விட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி யோசித்து, சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப் போடும் அந்தப் புகழ்பெற்ற இடம் இங்கேதான் வருகிறது. அதை எல்லோரும் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது? ஜிம் அடைபட்டிருக்கும் பண்ணை, தற்செயலாக, டாம் சாயரின் சாலி சித்தியும் சைலஸ் சித்தப்பாவும் நடத்தும் பண்ணை. டாமும் வந்து சேருகிறான். ஹக் ஒரு திட்டம் சொல்கிறான்: கிழவர் தூங்கும்போது கால்சட்டையிலிருந்து சாவியை எடுப்போம், ஜிம்மைக் கூட்டிக்கொண்டு தெப்பத்தில் ஏறிப் போய்விடுவோம். வேலை ஆகும், ஆனால் இதில் என்ன இருக்கிறது, ரொம்பச் சப்பென்று இருக்கிறது என்கிறான் டாம். அவன் படித்த பழைய நாவல்களில் கைதிகள் இப்படியா தப்பித்தார்கள்?

அதன்பிறகு நடப்பதை நீங்கள் வேடிக்கையாக மட்டுமே எழுதுகிறீர்கள், அல்லது மொத்தமாகத் தூக்கிவிடுகிறீர்கள். இரண்டுமே தப்பு. ஏன் என்று சொல்வதற்கு அந்தக் குடிசைக்குள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

ஜிம்மின் கால் சங்கிலி கட்டில்காலில் மாட்டியிருக்கிறது. கட்டிலைத் தூக்கினால் சங்கிலி கழன்றுவிடும், அவ்வளவுதான். டாமுக்கு இது பிடிக்கவில்லை. கட்டில்காலை ரம்பத்தால் அறுக்க வேண்டும், அறுத்த மரத்தூளைத் தின்றுவிட வேண்டும் (தின்கிறார்கள், வயிற்றுவலி வருகிறது). சுவருக்கடியில் சுரங்கம் தோண்ட வேண்டும், அதுவும் சமையலறைக் கத்தியால். பழைய கதையில் ஒரு கைதி அப்படித் தோண்ட 37 வருஷம் ஆனதாம். கை கொப்பளித்ததும் குந்தாலியையும் மண்வெட்டியையும் எடுத்து, இதுதான் கத்தி என்று பாவனை செய்துகொள்கிறார்கள். படுக்கை விரிப்பைக் கிழித்துக் கயிற்று ஏணி திரித்து, அதை ஒரு பெரிய பணியாரத்துக்குள் வைத்துச் சுட்டு உள்ளே அனுப்புகிறார்கள், தரையோடு தரையாக இருக்கும் ஒரு குடிசைக்கு. ஒரு சட்டையைத் திருடிக் கொடுத்து அதில் ரத்தத்தால் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள், ஜிம்முக்கு எழுதத் தெரியாது என்று ஹக் சொல்லியும் கேட்காமல். எலி, பாம்பு, சிலந்தி எல்லாம் பிடித்து வந்து குடிசைக்குள் விடுகிறார்கள், கைதி என்றால் அவற்றோடு பழக வேண்டுமாம். எலி கடிக்கும்போதெல்லாம் ஜிம் எழுந்து, மை காய்வதற்குள் அந்த ரத்தத்தில் ஒரு வரி கிறுக்குகிறான். தூங்க இடமில்லை. இனி வெளியே போனால் சம்பளம் கொடுத்தாலும் கைதியாக இருக்க மாட்டேன் என்கிறான் ஒருநாள்.

அப்புறம் அந்தச் சாணைக்கல். கைதி பாறையில் தன் சோகத்தைச் செதுக்க வேண்டும், குடிசை மரத்தால் ஆனது, அதனால் மில்லிலிருந்து ஒரு பெரிய சாணைக்கல்லைத் திருடி உருட்டிக்கொண்டு வரலாம் என்று டாம் முடிவு செய்கிறான். பாதி வழியில் இரண்டு பையன்களுக்கும் முடியவில்லை. போய் ஜிம்மை அழைக்கிறார்கள். ஜிம் கட்டிலைத் தூக்கி, சங்கிலியைக் கழற்றி, அதைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சுரங்கம் வழியாக வெளியே வந்து, ஹக்கோடு சேர்ந்து கல்லை உருட்டிக்கொண்டு போகிறான். டாம் மேற்பார்வை பார்க்கிறான். வேலை முடிந்ததும் ஜிம் உள்ளே போகிறான், பையன்கள் சங்கிலியை மறுபடி கட்டில்காலில் மாட்ட உதவிவிட்டுப் படுக்கப் போகிறார்கள்.

இதை மறுபடி ஒருமுறை படியுங்கள். இரவு, காவல் இல்லை, தெப்பம் தயாராக இருக்கிறது, ஆள் வெளியே நிற்கிறான், சங்கிலி அவன் கழுத்தில் சும்மா கிடக்கிறது. அவனை வேலை வாங்கிவிட்டுத் திருப்பி மாட்டுகிறார்கள். அமெரிக்க நாவல்களில் அடிமை முறையைப் பற்றி இவ்வளவு கொஞ்ச வார்த்தைகளில் இவ்வளவு சொன்ன இடம் அதிகம் இருக்காது என்பது என் எண்ணம். நான் பார்த்த ஒரு சுருக்கத்தில் இந்தச் சாணைக்கல் “நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு கல்லை உருட்டினார்கள்” என்று ஒரே வரியாகச் சுருங்கிக் கிடந்தது. நண்பர்கள் மூவராம்!

டாம் இன்னொன்றும் சொல்கிறான், அதை ஒரு சுருக்கத்திலும் நான் பார்த்ததில்லை. இந்த விளையாட்டு அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போகிறது, முடிந்தால் இதை வாழ்நாள் முழுக்க நடத்தி, ஜிம்மை வெளியே எடுக்கும் பொறுப்பை நம் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போகலாம், 80 வருஷம் வரைகூட இழுக்கலாம் என்கிறான். ஜிம்முக்கும் பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பது அவன் நம்பிக்கை.

இதற்கிடையே நேரம் ஓடுகிறது. மூன்று வாரம். சைலஸ் சித்தப்பா ஜிம்மின் எஜமானனைத் தேடிக் கடிதம் எழுதிப் பதில் வராததால் செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கப்போகிறார். அது வெளியானால் உண்மை தெரிந்துவிடும். அப்போதும் டாமுக்கு அவசரம் இல்லை, சுவாரசியம்தான் குறைகிறது. அதனால் அவனே அநாமதேயக் கடிதம் எழுதி, ஒரு கொலைகாரக் கும்பல் இன்ன இரவு வருகிறது என்று வீட்டாரை எச்சரிக்கிறான். விளைவு, துப்பாக்கியோடு 15 விவசாயிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடும்போது சுடுகிறார்கள். குண்டு டாமின் கெண்டைக்காலில் பாய்கிறது. அவனுக்கு அது பெரும் சந்தோஷம்.

தெப்பத்தில் ஏறியாகிவிட்டது, ஜிம் இப்போது நிஜமாகவே தப்பிவிட்டான். அங்கே ஜிம் சொல்கிறான்: விடுதலையாகிக்கொண்டிருப்பது டாமாக இருந்து, பையன்களில் ஒருவனுக்குக் குண்டு பட்டிருந்தால், என்னைக் காப்பாற்று, அவனுக்கு டாக்டர் வேண்டாம் என்றா டாம் சொல்லியிருப்பான்? டாக்டர் வராமல் நான் இங்கிருந்து ஒரு அடி நகர மாட்டேன். நகரவில்லை. டாக்டர் தனியாகச் சமாளிக்க முடியாமல் தவிக்கும்போது ஒளிந்திருந்த இடத்திலிருந்து தானே வெளியே வந்து உதவுகிறான், பிடிபடுவோம் என்று தெரிந்தே. பிடிபடுகிறான். மற்ற அடிமைகளுக்குப் பாடமாக இருக்கட்டும், தூக்கில் போடுவோம் என்கிறார்கள் சிலர். வேண்டாம், நம்முடைய ஆள் இல்லை, சொந்தக்காரன் வந்து விலை கேட்டால் நாம்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். உயிர் பிழைப்பது இந்தக் கணக்கால். டாக்டர் வந்து, எவ்வளவு நல்லவன், தன் சுதந்திரத்தைப் பணயம் வைத்துப் பையனைப் பார்த்துக்கொண்டான், ஆயிரம் டாலர் பெறுவான் என்று புகழ்கிறார். புகழ்ச்சியிலும் விலைதான். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோய், இனி அவனைத் திட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கனமான சங்கிலியில் ஒன்றிரண்டையாவது கழற்றச் சொல்வார்கள், ரொட்டியோடு கொஞ்சம் காய்கறியாவது கொடுக்கச் சொல்வார்கள் என்று ஹக் எதிர்பார்க்கிறான். யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு காய்ச்சல் தெளிந்த டாம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கத்துகிறான்: அவனை அவிழ்த்துவிடுங்கள், அவன் அடிமையே இல்லை! மிஸ் வாட்சன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. விற்க நினைத்ததற்கு வெட்கப்பட்டு, உயிலில் அவனை விடுதலை செய்துவிட்டுப் போயிருக்கிறார். டாமுக்கு இது பண்ணைக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் எலி, பாம்பு, சாணைக்கல், கடிதம், துப்பாக்கி எல்லாம். ஏற்கெனவே விடுதலையான ஆளை ஏனப்பா விடுவிக்கப் பார்த்தாய் என்று சாலி சித்தி கேட்கிறார். சாகசத்துக்காக என்கிறான். ஜிம் பொறுமையான கைதியாக இருந்ததற்காக 40 டாலர் கொடுக்கிறான். முன்பு மோசடிக்காரன் ஜிம்மை விற்ற அதே 40 டாலர். கெய்ரோவுக்குப் பக்கத்தில் அடிமைகளைத் தேடி வந்த இரண்டு பேர், தெப்பத்தில் அம்மை கண்டிருக்கிறது என்று பயந்துபோய், ஹக்குக்கு ஆளுக்கு ஒரு 20 டாலர் தங்கக்காசு கொடுத்து ஓடினார்களே, அதுவும் கூட்டினால் 40. ட்வெயின் இதை வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, மூன்று இடத்திலும் அதே தொகை. நீங்கள் மூன்றையும் வெட்டிவிட்டு “பரிசு கொடுத்தான்” என்று முடிக்கிறீர்கள்.

உயில் விடுவித்தது ஜிம்மை மட்டும்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வேறொருவர் சொத்து. நாவலின் கடைசிப் பக்கங்களில் அவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உங்கள் சிரிக்கும் படத்தில் ஒரு தவறும் இல்லை, அதில் அவர்கள் மூன்று பேரும் இல்லை என்பதைத் தவிர.

இந்தக் கடைசி அத்தியாயங்களை வெட்டுவதற்குப் பெரிய இடத்து ஆதரவு உங்களுக்கு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1935-இல், நவீன அமெரிக்க இலக்கியம் முழுக்க இந்த ஒரு புத்தகத்திலிருந்து வருகிறது என்று சொன்ன அதே மூச்சில், ஜிம் திருடப்படும் இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் ஏமாற்று என்றார். 1953-இல் லியோ மார்க்ஸ் என்ற விமர்சகரும் முடிவை வன்மையாகக் கண்டித்து எழுதினார். அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது, டாமை இழுத்து இரண்டு வைக்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் எரிச்சலைக் காரணம் காட்டி வெட்டினால் மிச்சம் இருப்பது ஹக்கின் நல்ல மனசு மட்டும். நரகத்துக்கே போகிறேன் என்று சொன்ன அதே ஹக், டாம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு அவன் பின்னால் போகிறான் என்பதுதான் கதை. நல்ல மனசு இருந்தும், நன்றாகப் படித்த, நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து நின்றால் அது எவ்வளவு சீக்கிரம் ஒதுங்கிக்கொள்கிறது என்பது.

காலத்தையும் பாருங்கள். கதை நடப்பது 1830-களின் பிற்பகுதி, 1840-கள். ட்வெயின் எழுதத் தொடங்கியது 1876, நடுவில் போட்டுவைத்து, 1882-இல் மிசிசிப்பி முழுக்க மறுபடி பயணம் செய்துவிட்டு, 1883 கோடையில் முடித்தார். இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளியானது. அப்போது அமெரிக்காவில் சட்டப்படி ஓர் அடிமைகூட இல்லை, 1865-இலேயே ஒழிந்துவிட்டது. ஆனால் தென்மாநிலங்களிலிருந்த மத்திய அரசின் படைப் பாதுகாப்பு 1877-இல் விலகிய பிறகு, விடுதலையான கறுப்பின மக்களின் ஓட்டுரிமை பறிபோனது, சின்னக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டு, கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். பொது இடங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1875-ஆம் வருஷச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1883 அக்டோபரில் செல்லாது என்றது. காகிதத்தில் விடுதலை, காலில் சங்கிலி. ஃபெல்ப்ஸ் பண்ணைக் குடிசையில் ஜிம் எந்த நிலைமையில் இருந்தானோ அதே நிலைமை, எண்ணிக்கைதான் லட்சக்கணக்கில்.

ட்வெயின் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அந்தத் தப்பித்தல் காட்சியை அவரே மேடைகளில் படித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அந்தச் சுற்றுப்பயணத்தில் அவரோடு மேடை ஏறியவர் எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள். ‘செஞ்சுரி’ பத்திரிகையின் 1885 ஜனவரி இதழில் இந்த நாவலின் ஒரு பகுதியும், விடுதலையான மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிய கேபிளின் கட்டுரையும் சேர்ந்தே வந்தன. ஒரே இதழில் இரண்டையும் படித்தவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? அதே 1885 டிசம்பரில், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஒரு கறுப்பின மாணவரின் செலவை ஏற்றுக்கொள்வதாக ட்வெயின் எழுதிய கடிதத்தில், அவர்களுடைய மனிதத்தன்மையை அரைத்து எடுத்தது நாம், வெட்கம் நம்முடையது, அதற்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் சொல்கிறார். 40 டாலர் கொடுத்த டாமைப் படைத்தவர் அவர்தான்.

துணிச்சலான பையனைத்தான் அட்டையில் போட வேண்டும் என்றால், அதற்கு ஆள் வேறு இருக்கிறான். ட்வெயின் வளர்ந்த ஹானிபல் ஊரில் டாம் பிளாங்கன்ஷிப் என்ற ஏழைப் பையன்தான் ஹக்குக்கு மாதிரி. அவனுடைய அண்ணன் பென்சன், 1847 கோடையில், ஆற்றின் இல்லினாய் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒளிந்திருந்த, தப்பி வந்த ஓர் அடிமைக்கு யாருக்கும் தெரியாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுத்தால் பணம், அவன் குடும்பத்துக்கு அது பெரிய பணம். காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் மரம்வெட்டிகள் கண்டுபிடித்துத் துரத்த, அந்த மனிதர் சதுப்புக்குள் ஓடி மூழ்கிப்போனார். சில நாள் கழித்து அங்கே மீன்பிடிக்கப் போன பையன்கள் கண்ணில் பிணம் தட்டுப்பட்டது, அந்தப் பையன்களில் ஒருவர் பிற்காலத்து மார்க் ட்வெயின். அந்த ஊர்ப் பக்கம் இந்த உதவிக்கு என்ன தண்டனை என்பதும் அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். 1841-இல் பக்கத்து பால்மைராவில், அடிமைகளைத் தப்பிக்க வைக்க இல்லினாயிலிருந்து வந்த மூன்று பேருக்கு 12 வருஷம் சிறை விதித்தார்கள், அந்த வழக்கின் ஜூரியில் அவருடைய அப்பாவும் இருந்தார். ஹக் ஏன் அவ்வளவு பயந்தான், டாம் ஏன் கொஞ்சமும் பயப்படவில்லை என்பதெல்லாம் இதை வைத்துப் பார்த்தால் புரியும். டாம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, சுதந்திரமான ஒருவனை அடைத்துவைத்து விளையாடியதைத் தவிர.

இந்த நாவலைப் பள்ளியில் வைக்கக் கூடாது என்று கறுப்பினப் பெற்றோர்கள் சிலர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1957-இல் நியூயார்க் நகரப் பள்ளிப் பட்டியலிலிருந்து இது விலக்கப்பட்டது, 1982-இல் விர்ஜீனியாவில், வேடிக்கை பாருங்கள், மார்க் ட்வெயின் பெயரிலேயே இருந்த ஒரு பள்ளியிலிருந்து எதிர்ப்பு வந்தது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளையாக உட்கார்ந்து, ஜிம்மை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வதைக் கேட்பது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு, ‘செவ்வியல் நூல்’ என்பது பதில் ஆகாது. அந்த எதிர்ப்பைக் கேட்டு நீங்கள் செய்த காரியம்தான் எனக்குப் புரியவில்லை. வசைச்சொற்களை எடுத்தீர்கள், நல்லது. கூடவே ஜிம் யோசிக்கிற இடம், அழுகிற இடம், கோபப்படுகிற இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். ஸ்கார்லெட் காய்ச்சலில் காது போனது தெரியாமல், கதவை மூடு என்றால் மூடவில்லையே என்று நான்கு வயது மகள் எலிசபெத்தை அறைந்துவிட்டு, உண்மை தெரிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு கதறியதை ஜிம் இரவில் சொல்வானே, அது எத்தனை சுருக்கங்களில் இருக்கிறது? பாம்புக்குப் பயப்படுவதும் சூனியத்தை நம்புவதும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இப்படிச் செய்தால் எதிர்ப்பவர்கள் சொன்னது நியாயமாகிவிடும், உங்கள் ஜிம்மை நானும் பள்ளியில் வைக்க விடமாட்டேன். ஜிம்மே கதை சொல்வதாகப் பெர்சிவல் எவரெட் எழுதிய ‘ஜேம்ஸ்’ 2024-இல் வந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. அந்தக் குரலுக்கு எவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்று அதிலிருந்தாவது தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கம் பற்றாது என்பீர்கள். பற்றும். ராஜா, டியூக் என்று சொல்லிக்கொண்டு வரும் அந்த மோசடிக்காரர்களின் நாடகங்களில் பாதியை எடுங்கள், வில்க்ஸ் குடும்பத்துச் சொத்துத் தகராறு நாவலில் ரொம்ப நீளம், அதில் தாராளமாகக் கை வையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இடத்தில் 800 டாலரையும் தெப்பம் தடம் விடாது என்ற யோசனையையும் வையுங்கள். எலிசபெத்தை வையுங்கள். சாணைக்கல்லை உள்ளபடியே வையுங்கள், கழுத்தில் சுற்றிய சங்கிலியோடு, மேற்பார்வை பார்த்த டாமோடு, விளக்கம் எதுவும் சேர்க்காமல். டாக்டர் வராமல் நகர மாட்டேன் என்று ஜிம் சொன்னதை டாக்டரை அழைத்து வந்ததாக மட்டும் எழுதாமல் அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்ற பயம் வேண்டாம். பணக்காரப் பையன் ஒருவன் தன் மட்டையைக் கொண்டுவந்து, தன் விதியைச் சொல்லி, மற்றவர்களைப் பந்து பொறுக்க வைப்பதைத் தெருவில் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள், டாமை உங்களைவிடச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கடைசிப் படத்தை வரைபவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஜிம் அந்த 40 டாலரை வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிறான், நாவலில் அப்படித்தான் இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம், சிரிக்கிற மாதிரியே வரையட்டும். கட்டோடு படுத்திருக்கும் டாமும், காசு ஜிம்மின் கையில் இருப்பதும் தெரிய வேண்டும். உயிலால் ஜிம் விடுதலையாகி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் தள்ளக் கூடாது.

உள்பக்கங்களை மாற்றத் தட்டச்சு, அச்சு என்று செலவு ஆகும், அடுத்த பதிப்பு வரை பொறுக்கிறேன். பின்னட்டை வாசகத்தை மாற்ற ஒரு நாள் போதும், அதை இந்த அச்சிலேயே மாற்றுங்கள். ஜிம் என்ற மனிதன் ஓடினான் என்று தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டும், கோபப்பட்டுக்கொண்டும் இருக்கும் ஒரு வாசகர்